ஒரு முகமும் ஒரு பதிவேடும்

லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் காப்பறைகளிலிருந்து ஏராளமான பழம்பொருள்கள் காணாமற்போய்விட்டன என்ற செய்தி 2023 ஆகஸ்டில் வெளியானபோது எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, எடுத்தவர் யார் என்பதுதான். அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று அப்போது போதிய கவனம் பெறவில்லை. காணாமற்போனவை எவை, எத்தனை என்பதை அந்த அருங்காட்சியகத்தால் ஏன் உடனடியாகச் சொல்ல முடியவில்லை? தன் வீட்டில் திருட்டுப்போனது என்ன என்று சொல்லத் தெரியாத ஒருவர், அவற்றைத் தன்னுடையவை என்று எந்த அடிப்படையில் கோருவார்?

இந்தக் கேள்விக்கான விடையைத் தேடும்போது, அதே அருங்காட்சியகத்தில் இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பு நடந்த இன்னொரு திருட்டு நினைவுக்கு வருகிறது. அன்று பறிபோனவை காகிதத் தாள்கள். டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் அச்சோவியங்கள் அவற்றுள் முதன்மையானவை. ஓவியர் ஒருவர் தன் முகத்தைத் தானே பொறித்து அச்சிட்ட தாள் எப்படி ஒரு நாட்டின் பொதுச்சொத்தாகிறது, அப்படி ஆன பிறகும் எவ்வளவு எளிதாகக் கைநழுவக்கூடும் என்பதை அந்த வரலாறு காட்டுகிறது. ஒரு பொருளை 'அடைவது' என்பதற்கு அருங்காட்சியகங்கள் கொடுக்கும் பொருள் அன்றும் குறையுடையதாக இருந்தது. இன்றும் அப்படியே இருக்கிறது என்பது என் வாதம்.

செப்புத் தகட்டில் ஒரு முகம்

ரெம்பிராண்ட் தன் வாழ்நாளில் ஏறத்தாழ 300 அச்சோவியங்களைப் படைத்தார். அவற்றுள் ஏறத்தாழ 30 அவருடைய சொந்த முகத்தைக் காட்டுபவை. இளமையில் கண்ணாடி முன் நின்று சிரித்தும், சினந்தும், வாய்பிளந்தும் தன் முகத்தையே பயிற்சிக் களமாக்கிக்கொண்டவர் அவர். அந்த வரிசையில் மிகவும் அறியப்பட்டது, 1639ஆம் ஆண்டு அவர் தன் 33ஆவது வயதில் பொறித்த தன்னுருவப்படம். கல் திண்டு ஒன்றின் மீது கையை ஊன்றி, சாய்ந்த தொப்பியும் முந்தைய நூற்றாண்டுப் பாணியில் அமைந்த செழிப்பான உடையும் அணிந்து, தோளுக்கு மேலாக நம்மைப் பார்க்கிறார். அந்தப் பார்வையில் தயக்கம் இல்லை.

அந்தத் தன்னம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. அதே ஆண்டில்தான் அவர் ஆம்ஸ்டர்டாமில் 13,000 கில்டர் விலைபேசி ஒரு பெரிய வீட்டை வாங்கினார். அதே ஆண்டு ஏப்ரலில் அந்நகரில் நடந்த ஓர் ஏலத்தில், இத்தாலிய ஓவியர் ரஃபேல் வரைந்த பால்தசாரே காஸ்திலியோனேயின் உருவப்படம் விற்பனைக்கு வந்தது. ஏலத்தைக் காணச் சென்ற ரெம்பிராண்ட், அப்படத்தைக் கைப்படக் கோட்டோவியமாக எழுதிக்கொண்டு, அது 3,500 கில்டருக்கு விலைபோனது என்று ஓரத்தில் குறித்தும் வைத்தார். அந்தக் குறிப்புத்தாள் இன்று வியன்னாவின் அல்பெர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரஃபேலின் படத்தை வாங்கிய அல்ஃபோன்சோ லோப்பஸ் என்ற வணிகரிடம் டிஷியனின் புகழ்பெற்ற உருவப்படம் ஒன்றும் இருந்தது. இவ்விரண்டின் சாயலும் 1639ஆம் ஆண்டு அச்சோவியத்தில் படிந்திருப்பதாகக் கலை வரலாற்றாளர்கள் கருதுகின்றனர். இத்தாலியப் பேரோவியர்களின் வரிசையில் தானும் நிற்கத் தகுந்தவன் என்று இளம் டச்சுக்காரர் ஒருவர் விடுத்த அறிவிப்பாகவே அதைப் படிக்கலாம்.

அந்த அறிவிப்பை அவர் முதலில் வண்ணத்தில் செய்யவில்லை, அச்சில் செய்தார் என்பது கவனிக்கத்தக்கது. அதே தோற்றத்தைத் தழுவிய வண்ண ஓவியம் அடுத்த ஆண்டில்தான் வந்தது. அது லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. வண்ண ஓவியம் ஒன்றே ஒன்று. ஒரு சுவரில்தான் தொங்க முடியும். அச்சோவியம் அப்படியன்று. செப்புத் தகட்டின் மீது மெழுகும் பிசினும் கலந்த பூச்சு ஒன்றைத் தடவி, ஊசியால் அதைக் கீறி வரைந்து, தகட்டை அமிலத்தில் ஆழ்த்தினால் கீறிய இடங்களை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரமான காகிதத்தை வைத்து அழுத்தினால் ஒரு படி கிடைக்கும். மீண்டும் மை பூசினால் இன்னொரு படி. இப்படி ஒரே முகம் நகரங்களைக் கடந்து, நாடுகளைக் கடந்து பயணம் செய்யும். தன் புகழை விரிக்க விரும்பிய ஓர் ஓவியருக்கு அக்காலத்தில் இதைவிடச் சிறந்த வாகனம் இல்லை.

ஆனால் 'ஒரே முகம்' என்று சொல்வதும் முழு உண்மையாகாது. ரெம்பிராண்ட் சில படிகளை எடுத்தபின் தகட்டில் மீண்டும் கோடுகளைச் சேர்ப்பார், சிலவற்றை நீக்குவார், மறுபடி அச்சிடுவார். இந்தப் படிநிலைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே அடையாளம் காணத்தக்கவை. மையை எவ்வளவு துடைக்கிறார் என்பதைப் பொறுத்து ஒளியும் நிழலும் மாறும். 1640களின் பிற்பகுதியிலிருந்து ஜப்பானியக் காகிதத்தையும் அவர் பயன்படுத்தினார். அதில் கோடுகள் மென்மையாக விழும். அவர் மறைந்த பின்னும் அவருடைய தகடுகள் பல கைமாறிப் பாரீஸ் வணிகர்களிடம் சேர்ந்து, பதினெட்டாம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னரும் அச்சிடப்பட்டன. தேய்ந்த தகட்டிலிருந்து எடுத்த படிக்கும் ஓவியரின் கையால் எடுத்த படிக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. காகிதத்தை ஒளிக்கு எதிரே பிடித்தால் தெரியும் நீர்க்குறியை வைத்து, ஒரு படி எந்தக் காலத்தில் அச்சிடப்பட்டது என்று வல்லுநர்கள் கணிக்கின்றனர்.

ஆக, ஓர் அச்சோவியம் பலவாகவும் இருக்கிறது. ஒவ்வொன்றும் தனியாகவும் இருக்கிறது. இந்த இரட்டைத் தன்மைதான் நாம் பேசும் சிக்கலின் வேர். பலவாக இருப்பதால், 'இது அருங்காட்சியகத்தின் படி அன்று, வேறொன்று' என்று ஒருவர் எளிதாகச் சொல்லிவிடலாம். தனித்தனியாக இருப்பதால், அந்தக் கூற்று பொய் என்று நிறுவவும் முடியும். ஆனால் ஒவ்வொரு படியையும் பார்த்து, அளந்து, குறித்து வைத்திருந்தால் மட்டுமே அது முடியும்.

ரெம்பிராண்டின் வாழ்க்கையிலேயே இதற்கு ஒரு கசப்பான சான்று உண்டு. பெருமிதத்தோடு வாங்கிய வீட்டின் கடனைத் தீர்க்க முடியாமல் 1656இல் அவர் நொடித்துப்போனார். கடன்காரர்களுக்காக அதிகாரிகள் வீடு முழுவதையும் அறை அறையாகச் சென்று, 363 இனங்களைக் கொண்ட பட்டியல் ஒன்றைத் தயாரித்தனர். ஓவியங்கள், சிலைகள், ஆயுதங்கள், கிளிஞ்சல்கள், அச்சோவியத் தொகுதிகள் எல்லாம் அதில் உண்டு. பொருள்கள் விற்றுச் சிதறிவிட்டன. பட்டியல் மட்டும் எஞ்சியது. இன்று அருங்காட்சியகமாக விளங்கும் அவருடைய வீட்டின் அறைகள் அந்தப் பட்டியலை வைத்தே மீண்டும் ஒழுங்கமைக்கப்பட்டுள்ளன. அவமானத்தின் ஆவணமாக எழுதப்பட்ட ஒரு பதிவேடுதான் அவருடைய உலகத்தை நமக்குக் காப்பாற்றிக் கொடுத்தது.

அருங்காட்சியகத்தின் வாசலில்

ரெம்பிராண்டின் அச்சோவியங்கள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் பல வழிகளில், பல காலங்களில் வந்து சேர்ந்தன. அவற்றுள் மிக முக்கியமான வழி, கிளேட்டன் மார்டன்ட் கிராக்கரோட் என்ற மதகுருவின் உயில். 1730இல் பிறந்த அவர், தந்தையிடமிருந்து பெற்ற செல்வத்தை நூல்களுக்கும் நாணயங்களுக்கும் சித்திரங்களுக்கும் அச்சோவியங்களுக்கும் செலவிட்டவர். 1784 முதல் அருங்காட்சியகத்தின் அறங்காவலர்களில் ஒருவர். 1799இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ 4,500 நூல்களும், நூறளவு கோப்புகளில் அடங்கிய அச்சோவியங்களும் அருங்காட்சியகத்துக்குக் கிடைத்தன. ரெம்பிராண்ட் தன் முகத்தைத் தானே பொறித்த தாள்களும் அந்தக் கொடையில் அடங்கும்.

கிராக்கரோட் ஒழுங்கான சேகரிப்பாளர். தான் வாங்கிய தாள்களின் பின்புறத்தில் தன் பெயரெழுத்துகளையும் ஆண்டையும் எழுதிவைக்கும் வழக்கம் அவருக்கு இருந்தது. தனி மனிதர் ஒருவர் தன் சொத்துக்குக் காட்டிய இந்தக் கவனத்தை, அதைப் பெற்றுக்கொண்ட பொது நிறுவனம் காட்டவில்லை. கோப்புகள் வந்தன, அலமாரியில் அடுக்கப்பட்டன. எந்தக் கோப்பில் எந்தத் தாள், எத்தனை தாள்கள், எந்தப் படிநிலை என்ற முழுமையான பட்டியல் எடுக்கப்படவில்லை. அச்சோவியங்களுக்கென்று தனிப் பொறுப்பாளர் எவரும் இல்லை. அச்சு நூல்களைக் கவனித்த வில்லியம் பெலோ என்ற காப்பாளரே அவற்றையும் பார்த்துக்கொண்டார்.

இந்த இடைவெளியில் நுழைந்தவர் ராபர்ட் டைட்டன். கேலிச்சித்திரக்காரர், மேடையில் பாடுபவர், பேச்சில் இனிமையானவர். காப்பாளருக்கும் அவருடைய மகளுக்கும் படங்கள் வரைந்து கொடுத்து நட்பைப் பெற்றார். அந்த நட்பால் கண்காணிப்பின்றிக் கோப்புகளைப் புரட்டும் வாய்ப்பும் கிடைத்தது. தாள்களை ஒவ்வொன்றாக உருவிச் சென்றார். சிலவற்றில் தன்னுடைய சேகரிப்பு முத்திரையையும் பதித்தார். பின்னர் அவை சந்தைக்குப் போயின.

திருட்டை அருங்காட்சியகம் கண்டுபிடிக்கவில்லை. 1806இல் சாமுவேல் உட்பர்ன் என்ற கலைப்பொருள் வணிகர், ரெம்பிராண்டின் பெயரில் விற்கப்பட்ட ஒரு நிலக்காட்சியை 12 கினி கொடுத்து வாங்கினார். வண்டி ஒன்று இடம்பெறும் அந்தத் தாள் அரிதானது. தன்னிடம் உள்ளது எத்தகைய படி என்பதை உறுதிசெய்ய, அருங்காட்சியகத்தில் உள்ள படியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று அதை எடுத்துக்கொண்டு சென்றார். கோப்பைத் திறந்தபோது அந்தப் படி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ஒப்பிட வந்தவரின் கையிலேயே அது இருந்தது.

டைட்டன் உண்மையை ஒப்புக்கொண்டார். விற்ற தாள்களை மீட்க உதவுவதாக வாக்களித்ததால் வழக்கிலிருந்து தப்பினார். சில ஆண்டுகள் லண்டனை விட்டு விலகி இருந்தார். பெலோ பதவி இழந்தார். எவை திருடப்பட்டன என்பதை அறிய, திருடியவரின் ஒத்துழைப்பையே நம்ப வேண்டிய நிலைக்கு ஒரு தேசிய நிறுவனம் தள்ளப்பட்டது. இந்த நிகழ்வில் மிகவும் வெட்கத்துக்குரிய பகுதி இதுதான் என்று நான் கருதுகிறேன்.

ஆயினும் அன்றைய அறங்காவலர்கள் பாடம் கற்றார்கள். 1808இல் அச்சோவியங்களுக்கும் சித்திரங்களுக்கும் எனத் தனிப் பொறுப்பாளராக வில்லியம் அலெக்சாண்டர் என்ற ஓவியர் நியமிக்கப்பட்டார். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சோவியங்களும் ஏறத்தாழ 50,000 சித்திரங்களும் கொண்டு, உலகின் தலையாய தொகுப்புகளில் ஒன்றாக இன்று விளங்கும் துறையின் தொடக்கம் அது. அந்தத் துறை ஒரு திருட்டின் விளைவாகப் பிறந்தது என்பதை மறக்கக் கூடாது.

மீண்டும் அதே வாசல்

இனி 2023க்கு வருவோம். இம்முறை காணாமற்போனவை தாள்கள் அல்ல. பொன்னணிகள், செதுக்கு வேலைப்பாடு கொண்ட மணிக்கற்கள், கண்ணாடிப் பொருள்கள். பொது ஆண்டுக்கு முந்தைய 15ஆம் நூற்றாண்டு முதல் பொ.ஆ. 19ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தைச் சேர்ந்தவை. பெரும்பாலானவை காட்சிக்கு வைக்கப்படாமல் காப்பறையில் இருந்தவை. அவற்றில் பல முறையாகப் பதிவு செய்யப்படாதவை.

இம்முறையும் எச்சரித்தவர் வெளியாள். இம்முறையும் அவர் ஒரு வணிகர். டென்மார்க்கைச் சேர்ந்த இட்டாய் கிராடல், இணைய ஏலத் தளத்தில் விற்பனைக்கு வந்த மணிக்கல் ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு உரியது என்று அடையாளம் கண்டார். அது பழைய அச்சுப் பட்டியல் ஒன்றில் இடம்பெற்றிருந்ததால்தான் அவரால் அதைக் கண்டறிய முடிந்தது. பட்டியலில் ஏறிய ஒரே காரணத்தால் ஒரு கல், பட்டியலில் ஏறாத நூற்றுக்கணக்கான கற்களின் கதையை வெளிப்படுத்தியது.

இரண்டு நிகழ்வுகளும் வேறுபடும் இடம் இனிமேல்தான் வருகிறது. 1806இல் வணிகர் வந்து கேட்டவுடன் கோப்பு திறக்கப்பட்டது, உண்மை வெளிப்பட்டது. கிராடல் 2021 பிப்ரவரியில் எழுதினார். அதே ஆண்டு ஜூலையில் அவருக்குக் கிடைத்த பதில், பொருள்கள் அனைத்தும் இருக்கின்றன என்பதுதான். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகே உண்மை பொதுவெளிக்கு வந்தது. இயக்குநர் ஹார்ட்விக் ஃபிஷர் பதவி விலகினார். ஊழியர் ஒருவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். அருங்காட்சியகம் அவர்மீது உரிமையியல் வழக்குத் தொடுத்தது. அவர் அதை மறுத்துவருகிறார். குற்றத்தைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. நிறுவனத்தின் பொறுப்பைக் கேட்பது குடிமக்களின் வேலை.

2023 டிசம்பரில் வெளியான தனிச்சார்பற்ற ஆய்வின்படி, ஏறத்தாழ 1,500 பொருள்கள் திருடப்பட்டன அல்லது காணாமற்போயின. ஏறத்தாழ 350 பொருள்களிலிருந்து பொன் சட்டம் போன்ற பகுதிகள் பெயர்த்தெடுக்கப்பட்டிருந்தன. மேலும் 140 பொருள்களில் கருவிகளால் ஏற்பட்ட காயங்கள் இருந்தன. 2024 மே மாத அறிவிப்பின்படி 626 பொருள்கள் மீட்கப்பட்டன. மீட்பை இன்னும் கடினமாக்குவது எது? படமோ விவரிப்போ இல்லாத ஒரு கல், சந்தையில் வெறும் கல்தான். பொன் உருக்கப்பட்டால் அதுவும் இல்லை.

இதற்குப் பிறகு அருங்காட்சியகம் அறிவித்த திட்டம், 24 லட்சம் பதிவுகளை ஐந்தாண்டுகளில் இணையத்தில் ஏற்றுவது அல்லது மேம்படுத்துவது. செலவு ஒரு கோடி பவுண்டு. ஏறத்தாழ 80 லட்சம் பொருள்கள் கொண்ட ஒரு நிறுவனத்துக்கு இது வரவேற்கத்தக்க முடிவே. ஆனால் 1753இல் சட்டத்தால் நிறுவப்பட்டு, 1806இல் ஒருமுறை சுடுபட்ட ஓர் அருங்காட்சியகம் இந்த முடிவுக்கு வர 2023 வரை ஏன் காத்திருந்தது என்ற கேள்வியை அது மறைத்துவிடாது.

ஏன் எழுதவில்லை?

அருங்காட்சியகங்களின் தரப்பில் சொல்லப்படும் காரணங்கள் முற்றிலும் பொய்யானவை அல்ல. லட்சக்கணக்கான சிறு பொருள்கள் மொத்தமாக வந்து சேர்கின்றன. ஒவ்வொன்றையும் ஆராய்ந்து எழுத அறிஞர்களின் காலம் வேண்டும். நிதி ஒதுக்கும் அரசுகளும் கொடையாளர்களும் புதிய காட்சிக்கூடத்துக்குப் பணம் தருவார்கள். பட்டியல் எழுதத் தரமாட்டார்கள். திறப்பு விழாவில் நாடா வெட்டலாம். பதிவேட்டின் 40 ஆயிரமாவது வரிக்கு விழா எடுக்க முடியாது.

ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. எவற்றை முதலில் பதிவு செய்வது என்பதில் மதிப்பின் படிநிலை செயல்படுகிறது. பெருஞ்சிலைக்கு எண் உண்டு, படம் உண்டு, நூல் உண்டு. சிறு மணிக்கல்லும் காகிதத் தாளும் 'ஒன்றைப் போல் இன்னொன்று' என்ற வகையில் ஒதுக்கப்படுகின்றன. திருடுவோர் தேடுவது அந்த ஒதுக்கத்தைத்தான். எங்கே நிறுவனத்தின் பார்வை மங்குகிறதோ அங்கே கை நீள்கிறது. சுவரில் தொங்கும் பேரோவியம் ஒன்று மறைந்தால் அன்று மாலையே உலகம் அறியும். கோப்பில் உள்ள தாள் மறைந்தால் ஒரு தலைமுறைகூட அறியாமல் இருக்கலாம்.

இந்த மனப்பான்மை சட்டத்திலும் படிந்துள்ளது. 1963ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் அருங்காட்சியகச் சட்டம், பொருள்களைக் கைவிடுவதற்குக் கடுமையான தடை விதிக்கிறது. பார்த்தினான் சிற்பங்களைக் கிரீஸுக்குத் திருப்பித் தர முடியாது என்பதற்கு அடிக்கடி காட்டப்படும் சட்டம் அதுவே. ஆனால் அந்தத் தடைக்கு அதுவே சில விலக்குகளையும் தருகிறது. அவற்றுள் ஒன்று, இன்னொரு பொருளின் இரட்டைப் படியாக இருப்பது. சென்ற நூற்றாண்டுகளில் அருங்காட்சியகமே இரட்டைப் படிகள் என்று கருதிய அச்சோவியங்களை விற்றும் இருக்கிறது. ஆனால் ரெம்பிராண்டின் இரண்டு படிகளை அருகருகே வைத்துப் பார்த்தவர் எவரும் 'இரட்டை' என்ற சொல்லைத் துணிந்து பயன்படுத்த மாட்டார். ஒன்றில் முகத்தின் பாதி இருளில் ஆழ்ந்திருக்கும். மற்றதில் அதே பாதி வெளிச்சத்துக்கு வந்திருக்கும்.

இங்கே ஓர் எதிர்வாதத்தைக் கருத வேண்டும். பதிவேட்டை இவ்வளவு வலியுறுத்துவது அருங்காட்சியகங்களைப் பூட்டிய பெட்டகங்களாக்கிவிடாதா? அச்சோவிய அறைகளுக்கு ஓர் அழகான மரபு உண்டு. முன்பதிவு செய்து வரும் பொதுமகன் ஒருவர் கண்ணாடித் தடுப்பு ஏதுமின்றி ரெம்பிராண்டின் தாளைத் தன் முன் வைத்துப் பார்க்கலாம். நிபுணர்களும் மாணவர்களும் மட்டுமல்லாமல், ஆர்வம் ஒன்றே தகுதியாகக் கொண்டவர்களும் அங்கே வரலாம். திருட்டுக்கு அஞ்சி அந்தக் கதவை மூடினால் இழப்பு நமக்குத்தான்.

இந்த அச்சம் நியாயமானது; ஆனால் அதற்கான மருந்தும் பதிவேடுதான். எண்ணி எடுத்துக் கொடுத்து, எண்ணித் திருப்பி வாங்க முடிந்தால் கதவைத் திறந்து வைக்கலாம். எண்ணிக்கையே தெரியாத இடத்தில் நட்பையும் நம்பிக்கையையும் தவிர வேறு காவல் இல்லை. அந்த நம்பிக்கைதான் 1806இல் முறைகேடாகப் பயன்பட்டது. பார்வையாளரைச் சந்தேகிப்பது இதற்குத் தீர்வாகாது. யாரையும் சந்தேகிக்க வேண்டாத அளவுக்கு ஆவணம் தெளிவாக இருக்க வேண்டும்.

சேகரிப்பாளர்களின் முத்திரைகளைத் தொகுத்து, டச்சு அறிஞர் ஃபிரிட்ஸ் லூக்ட் 1921இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். ஒரு தாளின் ஓரத்திலோ பின்புறத்திலோ உள்ள சிறு குறியைக் கொண்டு, அது யார் யார் கையில் இருந்தது என்று பின்னோக்கிச் செல்ல அந்நூல் உதவுகிறது. தனி மனிதர்களின் பெருமைக்காகப் பதிக்கப்பட்ட முத்திரைகள் இப்படிப் பொதுச் சான்றுகளாகிவிட்டன. அச்சோவிய உலகம் தன் பலவீனத்தை உணர்ந்து தானே உருவாக்கிக்கொண்ட பாதுகாப்பு இது. மணிக்கற்களுக்கும் அணிகளுக்கும் அத்தகைய தடம் இல்லை. அங்கே நிறுவனத்தின் பதிவேடு மட்டுமே சான்று.

நமக்கென்ன?

லண்டனில் உள்ள ஓர் அருங்காட்சியகத்தின் கணக்கு வழக்கு நமக்கெதற்கு என்று கேட்கலாம். சென்னையிலிருந்து சென்ற அமராவதிச் சிற்பங்கள் அங்கேதான் இருக்கின்றன. வால்டர் எலியட் 1845இல் அகழ்ந்தெடுத்துச் சென்னைக்குக் கொண்டுவந்த அந்தப் பௌத்தச் சிற்பங்கள் இங்கே பல ஆண்டுகள் திறந்தவெளியில் கிடந்தன. 1859இல் 121 கற்கள் லண்டனுக்குக் கப்பலேறின. 1867இல் ஜேம்ஸ் ஃபெர்குசன் என்ற கட்டடக்கலை அறிஞர் அவற்றில் பலவற்றைக் கண்டது ஒரு மாளிகையின் வண்டிக் கொட்டகையில். 1880இல்தான் அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வந்தன. இங்கேயும் புறக்கணிப்பு, அங்கேயும் புறக்கணிப்பு. எடுத்துச் சென்றவர்கள் எல்லாவற்றையும் போற்றிக் காத்தார்கள் என்ற கதையும் முழுமையானதன்று. இங்கேயே இருந்திருந்தால் பொன்னாகக் காக்கப்பட்டிருக்கும் என்ற கதையும் முழுமையானதன்று.

பிற நாடுகளின் செல்வங்களைத் திருப்பித் தரக் கோரும் ஒவ்வொரு முறையும், 'எங்களிடம் அவை பத்திரமாக இருக்கின்றன' என்ற பதிலே வந்துகொண்டிருந்தது. 2023க்குப் பிறகு அந்தப் பதிலை அதே குரலில் சொல்ல முடியாது. பத்திரம் என்பது தடித்த சுவர்களாலோ காவலர்களாலோ ஆனதன்று என்பது வெளிப்பட்டுவிட்டது. எனினும், இதைக் கொண்டு அனைத்தும் உடனே திரும்ப வேண்டும் என்ற முடிவுக்குத் தாவுவதும் சரியன்று. உரிமை பற்றிய வழக்கு வேறு. பாதுகாப்பு பற்றிய வழக்கு வேறு. திருட்டு நடக்காவிட்டாலும் உரிமைக் கோரிக்கை வலுவுள்ளதாக இருக்கலாம். திருட்டு நடந்ததால் மட்டும் ஒரு கோரிக்கை வலுப்பெற்றுவிடாது. ஆனால் இரண்டு வழக்குகளுக்கும் முதல் சான்று ஒன்றே. எது எங்கிருந்து, எப்போது, யார் வழியாக, என்ன விலையில் வந்தது என்ற பதிவே அது. அந்தப் பதிவு மக்கள் பார்வைக்குத் திறந்திருந்தால் கோருபவரும் மறுப்பவரும் ஒரே தரையில் நின்று வாதிடலாம். மூடியிருந்தால் வலியவர் சொல்வதே வரலாறாகும்.

ஆகவே, ஓர் அருங்காட்சியகம் பொருளை அடைவது என்பது, உயில் படிக்கப்படும் நாளோ, காசோலை கைமாறும் நாளோ, பெட்டி வந்திறங்கும் நாளோ அன்று. அப்பொருளுக்கு ஓர் எண் இடப்பட்டு, படம் எடுக்கப்பட்டு, வந்த வழி எழுதப்பட்டு, அந்தப் பக்கத்தை யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம் என்ற நிலை வரும்போதுதான் அது நிறைவுபெறுகிறது. அதுவரை அந்தப் பொருள் கட்டடத்துக்குள் இருக்கிறது, அவ்வளவே. பொது நிதி பெறும் எந்த அருங்காட்சியகமும் புதிய கொடையை ஏற்கும்போதே அதைப் பதிவு செய்வதற்கான காலக்கெடுவையும் நிதியையும் சேர்த்து அறிவிக்க வேண்டும். பழைய நிலுவை எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வெளியாள் ஒருவர் எச்சரிக்கும்போது, எச்சரிக்கப்படும் துறையே விசாரித்துப் பதில் சொல்லும் வழக்கம் ஒழிய வேண்டும். விசாரணை அறங்காவலர்களிடம் நேரடியாகச் செல்ல வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டங்கள்கூடத் தேவையில்லை. 2021இல் இவை இருந்திருந்தால், 2023இன் செய்தி இவ்வளவு தாமதமாகவும் இவ்வளவு பெரிதாகவும் வந்திருக்காது.

1639இல் ரெம்பிராண்ட் தன் முகத்தைத் தகட்டில் பொறித்துப் பல படிகளாக உலகுக்கு அனுப்பினார். எந்தப் படி எந்த மன்னரிடம், எந்த வணிகரிடம், எந்தப் பேழையில் சேரும் என்று அவரால் அறிந்திருக்க முடியாது. ஆனால் பல தகடுகளில் தன் பெயரையும் ஆண்டையும், அச்சில் நேராகத் தெரியும்படி, தலைகீழ்க் கண்ணாடி எழுத்தில் பொறித்து வைக்க அவர் சிரமப்பட்டார். படைத்தவன் தன் பங்குப் பதிவைச் செய்துவிட்டான். பெற்றுக்கொண்டவர்களின் பங்குதான் இன்னும் நிலுவையில் இருக்கிறது.